அறுந்து விழுந்த கம்பியும் தலைவிதியும்



மழைக்காற்றில் மின்சாரக் கம்பி அறுந்து வயலில் விழுகிறது. விடியற்காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர் அதை மிதித்துச் செத்துப்போகிறார். ஊரார் கூடி, "அவன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லிக் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். விதிதான், நாமும் மறுக்கவில்லை. ஆனால் அது பிரமன் தலையில் எழுதிய விதியல்ல. ஓம் என்ற ஜெர்மானியர் 1827-ல் புத்தகத்தில் எழுதிய விதி. தடை அதிகமானால் மின்னோட்டம் குறையும் என்பதே அந்த விதி.

ராத்திரி அறுந்த கம்பியில் விடியும்வரை மின்சாரம் ஏன் இருந்தது? சப்-ஸ்டேஷனிலுள்ள ரிலே ஏன் லைனை நிறுத்தவில்லை? நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுவேயாகும்.

ரிலே என்பது காவற்காரன். அளவுக்குமேல் ஆம்பியர் ஓடினால்தான் பழைய காவற்காரனுக்கு விழிப்பு வரும். கம்பி விழுந்தது உலர்ந்த மணலிலோ தார் ரோட்டிலோ ஆனால் ஏறக்குறைய ஒன்றுமே ஓடாது. ஈரமணலில் பத்துப் பதினைந்து ஆம்பியர் ஓடலாம். பல நூறு வீடுகளுக்கும் பம்புசெட்டுகளுக்கும் போகிற லைனில் இது யார் கண்ணில் படும்? மனிதனைக் கொல்லவோ அதில் நூறில் ஒரு பங்கு போதும்.

நிற்க, இப்போது புதிதாக ஒரு சங்கதி சேர்ந்திருக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நடக்கிறது. இவை வேண்டியவையே, வேண்டாமென்பவர்களோடு நமக்குச் சம்பந்தமில்லை. ஆனால் அனல் நிலையத்தின் சுழலும் ஜெனரேட்டர், பழுது நேர்ந்த இடத்திற்குத் தன் சாதாரண அளவைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை அனுப்பிக் கூச்சல் போடும். சூரிய மின்சாரமோ இன்வெர்ட்டர் வழியாக வருவது. அதிலுள்ள நுண்கருவிகள் கருகிப்போகாதபடி, அது தன் அளவுக்குச் சற்று மேலே போனதும் நிறுத்திக்கொள்ளும். ஆகவே இத்தகைய நிலையங்கள் பெருகப் பெருக, கூச்சலையே எதிர்பார்த்திருக்கும் காவற்காரனுக்கு முணுமுணுப்புத்தான் கேட்கும்.

அதனால் மின்னோட்டம் எவ்வளவு என்று பார்த்தால் மட்டும் போதாது, அதன் அலை எப்படியிருக்கிறது என்றும் பார்க்கவேண்டியிருக்கிறது. மூன்று கம்பிகளில் ஓடுவதைக் கணத்துக்குக் கணம் கூட்டினால் ஏறக்குறைய பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ தரையில் ஒழுகுகிறது என்று அர்த்தம். வரவும் செலவும் ஒட்டாத கணக்கைப் பார்த்த கணக்குப்பிள்ளைக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றியும், கம்பி தரையைத் தொடுமிடத்தில் பறக்கும் பொறி விநாடிக்கு 100 தடவை அணைந்து மறுபடி பற்றுகிறது. அதனால் 50 சுழற்சி அலையின்மேல் 150 சுழற்சி அலையும் இன்னும் பல சில்லறை அலைகளும் ஏறிக்கொள்ளுகின்றன. கலந்த அலையைப் பிரித்துப் பார்க்கும் கணக்கைப் பிரெஞ்சுக்காரரான பூரியே 1822-லேயே புத்தகமாக வெளியிட்டார். எந்தக் கணத்தில் அலை கெட்டது என்பதைச் சொல்லும் 'வேவ்லெட்' என்னும் கணக்கு 1980-களில் வந்தது.

இதில் ஒரு தொல்லையுமுண்டு. இன்வெர்ட்டரும் தன் பங்குக்குச் சில்லறை அலைகளை உண்டாக்குகிறது. எது பொறியின் அலை, எது இன்வெர்ட்டரின் அலை என்று பகுத்தறியாத கருவி, நல்ல லைனையும் நிறுத்திவிடும்.

அவசரத் தீர்ப்பு என்ன செய்யும் என்பதற்குக் கலிபோர்னியாவே சாட்சி. 2016 ஆகஸ்டு 16-ந் தேதி காட்டுத்தீயினால் 500 கிலோவோல்ட் லைனில் பழுது உண்டாயிற்று. ரிலே அதை விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் சரியாகவே துண்டித்துவிட்டது. ஆனால் அந்தக் கணத்தில் அலை கோணியதைக் கண்ட பல இன்வெர்ட்டர்கள், 60 சுழற்சி 57-க்குக் கீழே போய்விட்டதென்று தீர்மானித்து விலகிக்கொண்டன. உண்மையில் அப்படி எதுவும் விழவில்லை. வேறு காரணங்களால் விலகியவற்றையும் சேர்த்து ஏறக்குறைய 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் போயிற்று. பிறகுதான், உடனே விலகாமல் சில விநாடி பொறுத்துப் பார்க்கும்படி அவற்றைத் திருத்தினார்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2009 பிப்ரவரி 7-ந் தேதி பல இடங்களில் மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் மாண்டார்கள். அவர்களில் 119 பேரைக் கொன்ற தீ, கில்மோர் ஈஸ்ட் என்னுமிடத்தில் அறுந்த ஒரு மின்கம்பியிலிருந்து பிறந்தது. அந்த நாட்டார் விதியென்று விடாமல், விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். பிறகு 2016-ல், தீ அபாயமுள்ள பகுதிகளின் 22,000 வோல்ட் மூன்று கம்பி லைன்களுக்குச் சட்டமே செய்தார்கள்: ஒரு கம்பி தரையைத் தொட்டால், குறிப்பிட்ட சோதனை அளவில், விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகுமுன் அதன் வோல்ட் 1,900-க்குக் கீழே இறங்கவேண்டும், இரண்டு விநாடியில் 250-க்கு இறங்கவேண்டும். இதற்கு உதவும் பீட்டர்சன் சுருள் முதல் உலக யுத்த காலத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஆகையால் அறிவு இல்லாமலில்லை. நம் ஊர் லைனுக்கு எது உண்டு, எது இல்லையென்று மின்வாரியத்தாரை எழுத்து மூலம் கேட்கும் வழக்கம்தான் நம்மிடமில்லை.

அதுவரை, கிடக்கும் கம்பியில் பொறி பறக்கவில்லை என்பதாலேயே அதைச் செத்த கம்பியென்று நினைக்காதீர்கள். கம்பால் தள்ளிப் பார்க்கவும் வேண்டாம். பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டால், இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்துத் தரையை விட்டு எடுக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து விலகுங்கள். ஏனெனில் கம்பியைச் சுற்றியுள்ள தரையில் அடிக்கு அடி வோல்ட் மாறும். காலை அகல வைத்தால் அந்த வித்தியாசம் முழுவதும் உடம்பு வழியாகவே போகும்.