நினைத்த சீட்டும் மூடிய உறையும்



ஒரு காட்ஸ் கட்டிலிருந்து ஏதாவதொரு சீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். எடுக்க வேண்டாம், தொட வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்ல வேண்டாம். எதிரே நிற்கும் வித்தைக்காரர் உங்கள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆட்டின் இராணி" என்கிறார். நீங்கள் நினைத்ததும் அதுதான். இந்த வித்தையை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் இன்றைய பேச்சு. கோயில் திருவிழா மேடையிலும் பாடசாலை விழாவிலும் கலியாண வீட்டிலும் இதைப் பார்க்கிறோம், கை தட்டுகிறோம். ஒரு பாட்டுக் கச்சேரி முடிந்தால் சுருதி எங்கே விலகியது, கற்பனை எங்கே நன்றாக வந்தது என்று ஒரு மணித்தியாலம் கதைக்கிற நாங்கள், வித்தைக்காரரின் வேலையை "கெட்டிக்காரன்" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறோம். அந்தக் கலைக்கு அது போதாது என்பது என் எண்ணம்.

நீங்கள் கையால் இழுத்த சீட்டைக் கண்டுபிடிப்பது வேறு, மனதில் நினைத்த சீட்டைச் சொல்வது வேறு. இழுத்த சீட்டு ஏதாவதொரு தடயத்தை விட்டுவிடும். கட்டில் அது இருந்த இடம், திரும்பி வந்த இடம், பக்கத்துச் சீட்டு எல்லாம் வித்தைக்காரருக்கு உதவும். நினைத்த சீட்டு அப்படி ஒன்றையும் விடாது. ஆகவே நினைத்த சீட்டைச் சொல்ல வருகிறவர் உங்களிடமிருந்தே ஏதோ ஒன்றைப் பெற்றாக வேண்டும். எவ்வளவு பெற்றார், எப்படிப் பெற்றார் என்பதைக் கவனித்தால் அந்த வித்தையின் தரம் தெரிந்துவிடும்.

நம் வீடுகளில் இருக்கிற 304 கட்டையே எடுத்துக்கொள்வோம். ஏழு தொடங்கி ஆசு வரை எட்டுச் சீட்டு, நாலு இனம், மொத்தம் 32. இவற்றை முகம் மேலே தெரியும்படி நாலு கைகளாகப் போடுங்கள். 304 ஆடும்போது நாலு நாலாகப் போடுவோம், இங்கே ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஒரு கைக்கு எட்டுச் சீட்டு வரும். பார்ப்பவர் ஒரு சீட்டை நினைத்துக்கொண்டு, அது எந்தக் கையில் கிடக்கிறது என்று மட்டும் சொல்லட்டும். அந்தக் கை அடியில் இருக்கும்படி நாலையும் அடுக்கி, கட்டைக் குப்புறப் புரட்டுங்கள். கலைக்கக் கூடாது. திரும்பவும் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, முகம் தெரிய நாலு கைகளுக்கும் போடுங்கள். முன்பு ஒரே கையில் கிடந்த எட்டுச் சீட்டும் இப்போது கைக்கு இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு கையிலும் முதலில் விழுந்த இரண்டும் அவைதான். மறுபடியும் "எந்தக் கை?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் 32 என்பது இரண்டாகிவிடும். அதே போல் மூன்றாம் முறையும் அடுக்கிப் போட்டால், அந்த இரண்டில் ஒன்று முதற் கையின் முதற் சீட்டாகவும் மற்றது இரண்டாம் கையின் முதற் சீட்டாகவும் விழும். மூன்றாவது பதிலோடு அவர் நினைத்தது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இது கணக்கு. 21 சீட்டை மூன்று வரிசையாகப் பரப்பிச் செய்கிற வித்தையைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே குடும்பம்தான். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜெர்கோன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 27 சீட்டை வைத்து இதன் கணக்கை முழுமையாக எழுதிவிட்டார். ஆனால் மனதை வாசிக்கும் வித்தையாக மதிப்பிட்டால் இதற்கு நான் குறைந்த இடமே கொடுப்பேன். மூன்று முறை பரப்பி மூன்று முறை "எந்தக் கை?" என்று கேட்டால், பத்து வயதுப் பிள்ளைக்கும் விடை அந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது என்று பட்டுவிடும்.

நல்ல வித்தைக்காரர் இரண்டாவது பதிலோடு கேட்பதை நிறுத்திவிடுவார். அவருக்குத் தெரிந்தது இரண்டு சீட்டு. ஒன்று ஆட்டின் ஒன்பது, மற்றது கலாவரைப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டையெல்லாம் மேசையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, பார்ப்பவரின் கண்ணைப் பார்த்து, கேள்வியா கூற்றா என்று பிரிக்க முடியாத குரலில், "கறுப்புச் சீட்டு இல்லைத்தானே?" என்கிறார். "இல்லை" என்று பதில் வந்தால், "ஓம், சிவப்பாகத்தான் தெரிந்தது" என்று தொடர்ந்து ஆட்டின் ஒன்பதைச் சொல்லுவார். "கறுப்புத்தான்" என்று வந்தால், "அதுதானே, கறுப்பு என்றுதான் எனக்கும் பட்டது" என்று சொல்லிக் கலாவரைக்குப் போவார். எந்தப் பதில் வந்தாலும் அவர் முன்பே அறிந்திருந்தார் என்றே சபைக்குத் தோன்றும். பத்து நிமிடம் கழித்து அந்த மனிதரைக் கேட்டுப் பாருங்கள். "ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, நேரே சொன்னார்" என்பார். பொய் சொல்ல வேண்டுமென்று அவர் சொல்லவில்லை. அவருடைய நினைவில் அந்தக் கேள்வி பதியவேயில்லை. இந்த வித்தையின் உண்மையான திறமை இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். கையின் வேகத்தை விடக் குரலின் ஏற்ற இறக்கமும், எந்த நொடியில் வாயைத் திறப்பது என்ற கணிப்பும் பெரியவை.

இந்த "இல்லைத்தானே" நமக்குப் புதிதல்ல. குறி சொல்லுகிறவர்களிடமும் சாத்திரம் கேட்கப் போகிற இடங்களிலும் கேட்டிருக்கிறோம். வைத்தீசுவரன் கோவில் நாடி ஏடு வாசிப்பில் பெருவிரல் அடையாளத்தை வாங்கிக்கொண்டு ஒரு கட்டு ஏட்டோடு வந்து அமருவார்கள். தகப்பன் பெயர் இந்த எழுத்தில் தொடங்குமா, கூடப்பிறந்தது இத்தனை பேரா என்று ஒவ்வொரு ஏடாகக் கேட்டு, "இல்லை" என்றால் தள்ளி, "ஓம்" என்றால் நிறுத்திக்கொண்டு போவார்கள். கடைசியில் "உங்கள் ஏடு" கிடைக்கும்போது அதில் இருப்பதில் பெரும்பகுதி நீங்களே கொடுத்ததாக இருக்கும். 32 சீட்டு இரண்டாகக் குறைந்த அதே வழிதான் இது. வித்தைக்காரர் இதை மேடையில் பொழுதுபோக்காகச் செய்கிறார். அங்கே துயரத்தோடு வந்தவரிடம் காசுக்குச் செய்கிறார்கள். இந்த இரண்டையும் நான் ஒரே தராசில் வைக்கமாட்டேன்.

கேள்வியே கேட்காமல் சொல்லுகிற வகையும் உண்டு. எல்லாரும் எல்லாச் சீட்டையும் ஒரே அளவுக்கு நினைப்பதில்லை. கனடாவில் நடந்த ஆய்வுகளில், ஒரு சீட்டைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது இஸ்கோப்பன் ஆசும் ஆட்டின் இராணியும் மற்றவற்றை விட அதிகமாக வந்தன. சில வித்தைக்காரர்கள் இதை நம்பியே துணிந்து சொல்லிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தத் துணிச்சல் பலிக்குமா என்பது எனக்குச் சந்தேகம். இங்கே காட்ஸ் என்றால் முதலில் 304. அதில் முப்பது புள்ளியோடு எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது வீறு, அதாவது ஜே எழுத்துச் சீட்டு. அடுத்தது இருபது புள்ளி மணல், அதாவது ஒன்பது. ஆசுக்குப் பதினொன்றுதான், இராணிக்கு வெறும் இரண்டு. மாலையானால் வாசிகசாலைத் திண்ணையில் துரும்பு கேட்டுப் பழகிய ஒருவரிடம் சீட்டொன்றை நினையுங்கள் என்றால், வீறு வராமல் இராணி வரும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். வெளிநாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு இங்கே செய்ய வருகிற இளைஞர்கள் தங்கள் சபையின் காட்ஸ் பழக்கத்தை முதலில் படிக்க வேண்டும்.

மூன்றாவது வகை, உங்கள் நினைப்பையே அவர் தீர்மானிப்பது. சீட்டுக் கட்டை உங்கள் கண்முன் சரசரவென்று விரித்து, "ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பார். அரை விநாடியில் முடிந்துவிடும். அதற்குள் ஒரு சீட்டு மட்டும் மற்றவற்றை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்படி அவருடைய விரல் பார்த்துக்கொள்ளும். மொன்றியல் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளரும் வித்தைக்காரருமான ஜே ஒல்சனும் கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் இந்த முறையைச் சோதித்தார்கள். பங்குபற்றியவர்களில் 98 சதவீதமானோர் அவர் குறித்து வைத்த சீட்டையே தேர்ந்தார்கள், பெரும்பாலானோர் தாங்கள் சுதந்திரமாகத் தேர்ந்ததாகவே நம்பினார்கள். தெரிவு என்னுடையது என்ற உணர்வு எவ்வளவு எளிதாக உண்டாகிவிடுகிறது என்பதை இதை விடத் தெளிவாகக் காட்டிய ஒன்றை நான் அறியேன்.

இனி நம் ஊரோடு நெருங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்கு அருகே இருக்கிற மத்திய கல்லூரிக்கு 1928இல் ஆசிரியராக வந்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்தவர், தகப்பனார் மார்த்தோமா திருச்சபைக் குருவானவர். தாவரவியல் படிப்பித்தார். பின்னர் காலி, கல்கிசை, கொழும்பு என்று போய் 1959இல் ஓய்வு பெற்றார். பேய், பிசாசு, குறி, மாந்திரீகம் என்று சொல்லப்பட்ட இடங்களுக்குத் தாமே போய் விசாரித்தார். அவருடைய விசாரணைக் குறிப்பொன்றிலிருந்து பிறந்த மலையாளப் படம் 'புனர்ஜென்மம்', தமிழில் 'மறுபிறவி' என்று வந்தது. 1963இல் அவர் ஓர் அறைகூவல் விடுத்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனையோடு அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபா. அவர் வைத்த பட்டியலில், மற்றவரின் நினைப்பை வாசித்துக் காட்டுவதும் ஒன்று, உறையில் மூடி ஒட்டிய நாணயத்தாளின் இலக்கத்தைச் சொல்வதும் ஒன்று. 1978 செப்டெம்பரில் அவர் காலமாகும் வரை அந்தப் பணத்தை யாரும் பெறவில்லை.

கோவூர் ஏன் நாணயத்தாளைத் தேர்ந்தார் என்று யோசித்துப் பாருங்கள். சீட்டென்றால் 52இல் ஒன்று, குருட்டு வாக்கிலும் சில வேளை பலிக்கும். ஆறு இலக்க எண்ணென்றால் பத்து இலட்சத்தில் ஒன்று. சீட்டில் எல்லாருக்கும் பிடித்தது, பிடிக்காதது உண்டு. நாணயத்தாளின் இலக்கத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதை யாரும் பார்க்காமலே உறைக்குள் போட்டு ஒட்டலாம். அப்போது முகத்தைப் பார்த்து வாசிக்க ஒரு முகமும் இல்லை, "கறுப்பு இல்லைத்தானே" என்று கேட்க ஓர் ஆளும் இல்லை. நாம் பார்த்த மூன்று வழியையும் ஒரே உறை அடைத்துவிடுகிறது. வித்தைக்காரரின் வழிகளை நன்றாக அறிந்த ஒருவர்தான் இவ்வளவு எளிய சோதனையை யோசித்திருக்க முடியும்.

1930களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் ஐந்து குறிகள் கொண்ட 25 சீட்டுக் கட்டை வைத்து மனோசக்தியை அளக்க முயன்றார். தற்செயலாகவே சராசரியாக ஐந்து சரிவரும், தொடர்ந்து அதற்கு மேல் வந்தால் அற்புதம் என்பது கணக்கு. பின்னால் அந்தச் சீட்டுகளில் சிலவற்றின் குறி முதுகுப் பக்கமே மங்கலாகத் தெரிந்தது என்று கண்டுபிடித்தார்கள். கோவூரின் உறை அதைவிட நல்ல சோதனை.

அப்படியானால் நினைத்த சீட்டு வித்தைக்கு மதிப்பே இல்லையா? நிறைய உண்டு. நான் மேடையில் கவனிப்பவை சில. நினைத்தவர் உண்மையில் சுதந்திரமாக நினைத்தாரா, விரித்துக் காட்டியதிலிருந்து பிடிக்கச் சொன்னார்களா? எதையாவது எழுதச் சொன்னார்களா? கேள்வி எத்தனை, அவை கேள்வியாகத் தெரிந்தனவா? சீட்டின் பெயரை முதலில் சொன்னது யார், வித்தைக்காரரா நினைத்தவரா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். "எந்தச் சீட்டு என்று எல்லாருக்கும் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு தமது கட்டைத் திறந்து அந்த ஒரு சீட்டு மட்டும் புரண்டு கிடப்பதைக் காட்டுகிற வித்தை உண்டு. 1936இல் ஜோ பேர்க் அமைத்த கட்டிலிருந்து வளர்ந்த வகை அது. அழகில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் அது முன்கூட்டிச் சொன்ன வித்தை, மனதை வாசித்ததாகாது. அதன் உள்வேலையை நான் இங்கே சொல்லப்போவதில்லை, அதை வைத்துச் சீவிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முடிவில் அவர் என்ன சொல்லி இறங்குகிறார் என்பதையும் நான் கணக்கில் எடுப்பேன். இங்கிலாந்தில் ரெஜினோல்ட் ஸ்கொட் 1584இல், சூனியக்காரிகள் என்று பெண்களைத் தண்டிப்பதை எதிர்த்து எழுதிய நூலிலேயே, ஒருவர் நினைத்த சீட்டைச் சொல்லும் வித்தையை விளக்கியிருக்கிறார். வித்தையைத் தெரிந்த சனம் அயலவளைச் சூனியக்காரி என்று பிடிக்காது என்பது அவருடைய நம்பிக்கை. "இது பயிற்சியால் வந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குகிற வித்தைக்காரருக்கு நான் எழுந்து நின்று கை தட்டுவேன். "எனக்குச் சக்தி இருக்கிறது" என்று சொல்லுகிறவர் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அவருக்கு என்னிடம் பாராட்டு இல்லை. அடுத்த நாள் யாராவது தாய் தன் காணாமற்போன பிள்ளையின் படத்தோடு அவருடைய வாசலில் போய் நிற்பாள்.

நமது சனசமூக நிலையங்களில் பிள்ளைகளுக்கு விடுமுறை நாளில் ஒரு மணித்தியாலம் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். 304 கட்டு எல்லா வீட்டிலும் இருக்கிறது. மூன்று கேள்வி முறையை முதலில் பழகட்டும், பிறகு இரண்டாவது கேள்வியோடு நிறுத்தி அந்த "இல்லைத்தானே"யை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்க்கட்டும். அது கை வந்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். 32க்குப் பதிலாக முழுக் கட்டு 52ஐயும் நாலு கைக்குப் பதின்மூன்றாகப் போட்டால், அப்போதும் மூன்று கேள்வி போதும். முதற் பதிலில் பதின்மூன்று மிஞ்சும். இரண்டாவது பதிலில் எத்தனை மிஞ்சும், ஏன் எல்லாக் கைக்கும் ஒரே எண்ணிக்கை வராது என்று அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.