விரலுக்கும் செவிக்கும் இடையே



வீட்டில் வானொலிப் பெட்டியைத் திறந்துவிட்டு, அதே நிலையத்தைக் கைப்பேசியில் இணையத்தின் வழியாகவும் வைத்துப் பாருங்கள். பெட்டியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் கூறிச் சில விநாடிகள் சென்ற பின்னரே கைப்பேசியில் அந்த வணக்கம் கேட்கும். செய்தி கேட்பவருக்கு இதனால் நட்டம் ஏதும் இல்லை. ஆனால், தாம் மீட்டிய தந்தியின் ஒலியே தமக்குப் பிந்திக் கேட்டால் ஓர் இசைக்கலைஞர் என்ன செய்வார்? கணினியின் துணைகொண்டு கிட்டார் பழகும் இளைஞர் பலருக்கு இன்று நேரும் தொல்லை இதுதான்.

சில காலத்துக்கு முன்பு ஸ்கூடாயில் உறவினர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பிள்ளை கிட்டாரை மடியில் வைத்தபடி முகம் வாடி அமர்ந்திருந்தான். “தாளமே நிக்கமாட்டேங்குது மாமா. விட்டுடலாம்னு இருக்கேன்” என்றான். கணினியிலிருந்து கிட்டாரைக் கழற்றிவிட்டு வெறுமனே வாசிக்கச் சொன்னோம். தாளம் சரியாகவே இருந்தது. மீண்டும் கணினியில் இணைத்து, ஹெட்போனை வாங்கி நம் காதில் வைத்துக் கேட்டபோதுதான் உண்மை விளங்கியது. ஒலி பிந்தி வந்துகொண்டிருந்தது. அதை ஈடுகட்ட அவன் தன்னை அறியாமலே முந்தி மீட்டப் பழகிக்கொண்டிருந்தான். குறை கணினியில் இருக்க, பழியைத் தன் விரல்மேல் போட்டுக்கொண்டான்.

இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

மின்கிட்டாரின் ஓசையைக் கணினி அப்படியே ஏற்பதில்லை. ஒரு விநாடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அதனை அளந்து, எண்களாக மாற்றிக்கொள்கிறது. அந்த எண்களை ‘பிளக்-இன்’ எனப்படும் சிறு மென்பொருள் வாங்கிப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரின் கரகரப்பையோ, பெரிய மண்டபத்தின் எதிரொலியையோ சேர்க்கிறது. பிறகு எண்கள் மீண்டும் ஒலியாகி நம் காதுக்கு வருகின்றன.

கணினி இவ்வெண்களை ஒவ்வொன்றாகக் கையாளுவதில்லை. நம் தோட்டத்து வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். பால்மரம் சீவுகிறவர் ஒவ்வொரு மங்கிலும் உள்ள பாலைத் தனித்தனியே ஆலைக்குச் சுமப்பாரா? வாளி நிறைந்த பிறகே நடப்பார். கணினியில் அந்த வாளிக்குப் ‘பஃபர்’ என்று பெயர். வாளி பெரிதானால் பால் ஆலைக்குப் போய்ச் சேர நேரமாகும். மிகச் சிறிதானாலோ ஓயாமல் நடக்க வேண்டும். நடந்து மாளாவிட்டால் மங்குகள் நிரம்பி வழியும். கணினிக்கும் இதே கதிதான். பஃபரை அளவுக்கு மீறிக் குறைத்தால் அது வேலையை முடிக்க இயலாமல் திணறும். அந்தத் திணறலே ‘படபட’ என்ற வெடிப்பொலியாகக் கேட்கிறது.

கணக்கு எளிது. விநாடிக்கு 48,000 அளவுகள் எடுக்கும்போது, 128 அளவுகள் கொள்ளும் பஃபர் நிரம்ப ஏறத்தாழ 2.7 மில்லி விநாடி ஆகும். ஒலி உள்ளே வர ஒரு பஃபர், வெளியே செல்ல ஒரு பஃபர், ஆக 5.3 மில்லி விநாடி. அதுவே 1,024 ஆனால் போக வர ஏறத்தாழ 43 மில்லி விநாடி. ஒலியை எண்ணாக்கி மீண்டும் ஒலியாக்கும் கருவியும் இதனுடன் சிறிது சேர்க்கும்.

43 மில்லி விநாடி என்பது பெரிய தாமதமா? ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்ல ஏறத்தாழ 3 மில்லி விநாடி எடுக்கிறது. ஆகவே, தன் ஒலிபெருக்கியை 15 மீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு வாசிப்பதற்கு இது சமம். பொதுவாக 10 மில்லி விநாடி வரை பலருக்கு உறுத்துவதில்லை. 20ஐத் தாண்டினால் பெரும்பாலோர் உணர்ந்துவிடுவர்.

நம் ஜொகூர் மாநிலத்தின் கசல் இசையை நேயர்கள் பலர் கேட்டிருக்கலாம். ஆர்மோனியம், தபலா, வயலின், கம்பூஸ், கிட்டார் ஆகியவை ஒன்றுகூடும் அருமையான மலாய் மரபு அது. கலைஞர்கள் இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்குள் நெருங்கி அமர்ந்து வாசிக்கும்போது, தபலாவின் அடி கிட்டார்க்காரரின் செவியை 10 மில்லி விநாடிக்குள் எட்டிவிடுகிறது. ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிக்கிறார்கள். பிந்தி ஒலிக்கும் கணினியிடம் பழகி, முந்தி மீட்டக் கற்றுக்கொண்ட பிள்ளை நாளை அப்படியொரு குழுவில் அமர்ந்தால், தபலாவுக்கு முன்னே ஓடுவான். கைக்கு ஏறிய தவறான பழக்கத்தை இறக்குவது எளிதன்று.

எனவே, செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, பழகும்போது பஃபரை 128 அல்லது 64க்குக் குறைத்துப் பாருங்கள். வெடிப்பொலி கேட்டால் ஒரு படி ஏற்றுங்கள். பதிவை முடித்துப் பாடலைச் செம்மை செய்யும்போது பெரிய பஃபரே நல்லது. அப்போது அவசரம் இல்லை.

இரண்டாவது, விண்டோஸ் கணினி வைத்திருப்போர், தம் ஆடியோ கருவிக்குரிய ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரை நிறுவிக்கொள்ள வேண்டும். ஸ்டைன்பெர்க் என்ற ஜெர்மானிய நிறுவனம் வகுத்த இம்முறை, கணினியின் பொது ஒலிப்பாதையைத் தவிர்த்துக் குறுக்குவழியில் செல்கிறது.

மூன்றாவது, எல்லாப் பிளக்-இன்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. ஆம்ப்ளிஃபையர் போன்று ஒலிப்பவை பெரும்பாலும் சிறு தாமதமே தரும். வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்து அடக்கும் லிமிட்டர் போன்றவை, பார்ப்பதற்காகவே ஒலியை நிறுத்திவைக்கின்றன. பதிவான பாடலில், மற்றத் தடங்களையும் அதே அளவு பிந்தச் செய்து மென்பொருள் ஈடுகட்டிவிடும். நேரில் வாசிக்கையில் அது இயலாது. இன்னும் மீட்டாத தந்தியை எந்தக் கணினியாலும் கேட்க முடியாது அல்லவா? வாசிக்கும் வேளையில் அத்தகையவற்றை நீக்கிவிடுங்கள்.

நான்காவது, கம்பியில்லாப் புளூடூத் ஹெட்போன் இதற்கு உதவாது. அதன் தாமதம் பல வேளைகளில் 150 மில்லி விநாடியையும் தாண்டும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், சதுசிர நடையில் ‘தகதிமி’ என்று சொல்லும்போது ஓர் எழுத்துக்குக் கிடைப்பது 125 மில்லி விநாடி மட்டுமே. நீங்கள் ‘க’ என்ற பிறகுதான் ‘த’ காதில் விழும்!

ஸ்கூடாய்ப் பிள்ளையின் கணினியில் 1,024 என்றிருந்த எண்ணை 128 ஆக்கினோம். அவன் ஒருமுறை தந்தியை மீட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். முந்தி மீட்டும் பழக்கம் மாற அவனுக்குச் சில வாரங்கள் பிடித்தன. ஆனால், கிட்டாரை விடும் பேச்சை அவன் மறுபடி எடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை தாளம் நிற்கவில்லை என்று வருந்தினால், பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் அந்த எண்ணைப் பாருங்கள்.