அளக்கும் கை நம்ம தெருவிலிருந்து வரட்டும்

(திருவொற்றியூரில் மாணவர்கள், பெற்றோர்கள் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகளும் அவங்க அப்பா அம்மாவும் வந்திருக்கீங்க. அடுத்து என்ன படிக்கலாம் என்பதுதான் எல்லார் மனசிலும் ஓடும் கேள்வி. எந்தச் சான்றிதழ் வேணும், எப்படி விண்ணப்பிக்கணும் என்பதைக் கடைசியில் சொல்றேன். அதுக்கு முன்னால் ஒரு கல்லூரியின் கதை. ராயபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கம் தொடங்கிய கதை.

1794-ஆம் ஆண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு ஊர் ஊராக நிலம் வந்துகொண்டிருந்த காலம். எவ்வளவு நிலம், ஏரி எங்கே, கால்வாய் எப்படிப் போகுது என்று அளந்து வரைபடம் போடப் போதுமான ஆள் இல்லை. கடற்கரையையும் ஆற்றுப் படுகைகளையும் அளந்து அனுபவப்பட்ட மைக்கேல் டாப்பிங் ஒரு யோசனை சொன்னார்: "இங்கே இருக்கிற பையன்களுக்கே கத்துக்கொடுப்போம்." அந்த ஆண்டு மே மாதம் எட்டு மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. பாரிஸ் நகரத்தின் புகழ்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

ஒண்ணை மறைக்காமல் சொல்லணும். அந்தப் பள்ளியை நம்ம நன்மைக்காகத் தொடங்கவில்லை. வரி வசூலுக்கு அளவு தேவைப்பட்டது, அதுக்காகத் தொடங்கினார்கள். யார் அளக்கிறாரோ அவர் கையில்தான் முடிவு இருக்கும். இந்த ஒரு விஷயத்தை மனசில் வச்சுக்கோங்க.

டாப்பிங் 1796-ல் இறந்தார். பிறகு பள்ளியைப் பார்த்துக்கொண்டவர் ஜான் கோல்டிங்ஹாம். அவர் வானியல் அறிஞர். ஆனால் இன்றைக்கு நாம் ராஜாஜி ஹால் என்று சொல்லும் கட்டடத்தை வடிவமைத்ததும் அவர்தான். அளவை, பொறியியல், கட்டடக்கலை எல்லாம் அன்றைக்கு ஒரே ஆளிடம் இருந்தன.

1858, 59-ஆம் ஆண்டுகளில் இந்தப் பள்ளி சிவில் இன்ஜினியரிங் கல்லூரியாக வளர்ந்தது. 1894-ல் மெக்கானிக்கல் வந்தது. 1920-ல் சேப்பாக்கத்திலிருந்து கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. 1930-ல் எலக்ட்ரிக்கல் சேர்ந்தது. கட்டடக்கலைப் படிப்புக்கு 1957-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தனித் துறை தொடங்கியது. கடைசியாக 1978 செப்டம்பர் 4 அன்று கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி ஆகிய நாலும் சேர்ந்து ஒரே பல்கலைக்கழகம் ஆயின. அதுதான் அண்ணா பல்கலைக்கழகம்.

அந்த வாசல் எல்லாருக்கும் ஒரே நாளில் திறக்கவில்லை. 1940-களில்தான் முதன்முதலாகப் பெண்கள் உள்ளே வந்தார்கள். அ. லலிதா பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் குழந்தை. எலக்ட்ரிக்கல் படித்தார். பி.கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் இருவரும் சிவில் படித்தார்கள். ஆண்கள் மட்டுமே படிப்பார்கள் என்று நினைத்து அச்சடித்த சான்றிதழில், ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். அந்தத் திரேசியா பின்னால் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். 2010-ல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழிலும் படிக்கலாம் என்று வழி வந்தது. தகுதி உள்ளவர் வந்து நிற்க நிற்கத்தான் வாசல் அகலமாகுது.

சரி, இது கிண்டிக் கதை. நமக்கென்ன?

நம்ம கடற்கரையைப் பாருங்க. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வேலை 1875-ல் தொடங்கியது. இந்தக் கடலில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். நடுவில் சுவர் வந்ததும் மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. வீட்டையும் தெருவையும் கடலுக்குக் கொடுத்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கும். பிறகு கல்லைக் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். தூண்டில் வளைவு ஓரிடத்தில் மணலைப் பிடித்து வைத்தால், அதுக்கு வடக்கே இருக்கிற கரை மெலியும். அதனால் எங்கே, எத்தனை, எவ்வளவு நீளம் என்று சரியாக அளக்கணும்.

எண்ணூர் முகத்துவாரத்தில் எவ்வளவு ஆழம் குறைஞ்சிருக்கு, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் எவ்வளவு படிஞ்சிருக்கு, மழை பெஞ்சா எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அளவைக் கேள்விகள்தான். நம்ம மீனவர்களுக்கு அனுபவத்தில் பதில் தெரியும். ஆனால் திட்ட அறிக்கை எழுதுகிற மேசையில் அந்த அனுபவமும் படிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பது அபூர்வம். அந்த ஆள் உங்க வீட்டுப் பிள்ளையாக இருக்கணும் என்பதுதான் என் ஆசை.

இப்போ வழி என்ன என்று பார்ப்போம்.

பி.இ. சிவில் நாலு வருஷம். பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் ஆன்லைன் கவுன்சலிங். பி.ஆர்க். ஐந்து வருஷம். அதுக்கு பிளஸ் டூவில் கணிதம் வேணும், நாட்டா என்ற நுழைவுத் தேர்வும் எழுதணும். அந்தத் தேர்வை விட்டுவிட்டு மதிப்பெண்ணோடு மட்டும் வந்து நிற்கிற பிள்ளைகள் பலர். முன்கூட்டியே பதிவு செய்யுங்க. டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில், மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை தனியாக உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மூலம் வாங்கலாம். கவுன்சலிங் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்பவே விண்ணப்பிங்க. பெயரின் எழுத்து, தலைப்பெழுத்து எல்லாச் சான்றிலும் ஒண்ணா இருக்கான்னு பார்த்துக்கோங்க.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அன்றைக்குக் கோட்டைக்குள் பூட்டி வைத்த வரைபடம் இன்றைக்கு உங்க கைப்பேசியில் இருக்கு. தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் உங்க இடத்தின் நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்கலாம். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி மனை வரைக்கும், 3,500 சதுர அடிக்குள் தரைத் தளம், முதல் தளம் கொண்ட வீட்டுக்கு சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே கட்டட அனுமதி வாங்க முடியும். ஆனால் சுயசான்று என்றால், கொடுக்கிற அளவுக்கு நீங்களே பொறுப்பு. கடலோரம் இருப்பவர்கள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதியையும் பார்த்த பிறகே வேலையைத் தொடங்கணும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு பிளான் படிக்கத் தெரிந்தால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகருக்கு மெட்ரோ வந்தாச்சு. திருவொற்றியூரில் ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். தூரம் இப்போ ஒரு தடை இல்லை.

227 வருஷத்துக்கு முன்னால் எட்டுப் பிள்ளைகள் யாருக்காகவோ இந்த மண்ணை அளக்கக் கற்றார்கள் என்று அந்த மெட்ரோ வந்தபோது எண்ணிப் பார்த்தேன். இந்தக் கூட்டத்திலிருந்து எட்டுப் பேர் நமக்காக அளக்கக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தால் போதும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, எந்தச் சான்றிதழ் இருக்கு, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்க. மீதி தானாக நடக்கும்.