நாற்பது மணி நேரப் படிப்பு

(தொழிலாளர் கல்வி வகுப்பொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அமெரிக்க நாட்டைப் பற்றியது. "பால்மரம் வெட்டுகிற நமக்கும் அமெரிக்கப் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு. விஷத்தோடு புழங்கி வேலை செய்கிறவன் அந்த விஷத்தைப் பற்றி முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டுமா, அல்லது நோய் வந்த பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டால் போதுமா என்பதே கேள்வி. அமெரிக்கத் தொழிலாளர்கள் போராடி இதற்கு ஒரு விடை கண்டார்கள். அந்த விடையில் நாம் பின்பற்ற வேண்டியதும் இருக்கிறது. எச்சரிக்கை கொள்ள வேண்டியதும் இருக்கிறது.

ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரி

முதலில் அந்நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறேன். அமெரிக்காவில் பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் சேரப் பணம் வேண்டும். வீட்டை விட்டுப் போய்த் தங்கிப் படிக்க வேண்டும். கூலி வேலை செய்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாக் கனி. அப்படிப்பட்டவர்களுக்காக ஊருக்கு ஊர் ஏற்பட்டவையே சமுதாயக் கல்லூரிகள். இரண்டு ஆண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம். பகலில் வேலை செய்கிறவர்கள் மாலையில் வந்து படிக்கலாம்.

1901-ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் என்னும் ஊரில் தொடங்கிய கல்லூரியே, இன்றும் நடந்துவரும் இவ்வகைப் பொதுக் கல்லூரிகளில் மூத்தது. 1944-இல், யுத்தத்திலிருந்து திரும்பும் சிப்பாய்களின் படிப்புச் செலவை அரசாங்கமே ஏற்கும் என்று ஒரு சட்டம் வந்தது. 1947-இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷன், ஊர்தோறும் சமுதாயக் கல்லூரிகளைப் பெருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. இன்று அங்கே ஏறத்தாழ ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. தாதியர் வேலை, வெல்டிங், மின்சார வேலை, தீயணைப்பு என்று பல தொழில்களை அங்கே கற்கலாம். அவற்றோடு, நச்சுப் பொருள்களைக் கையாளும் பாதுகாப்பு வேலைக்கும் அங்கே வகுப்புகள் நடக்கின்றன.

பட்டாளம் போயிற்று, விஷம் தங்கிற்று

இந்தப் பாதுகாப்பு வேலை ஏன் தேவைப்பட்டது? அமெரிக்க அரசாங்கம் 1988 முதல் 2005 வரை ஐந்து தடவைகளில் 350-க்கு மேற்பட்ட இராணுவத் தளங்களையும் நிலையங்களையும் மூட முடிவு செய்தது. ஒரு தளம் மூடப்பட்டால் அந்த ஊருக்கு இரண்டு அடி விழுகிறது. ஒன்று, வேலை போகிறது. மற்றொன்று, பட்டாளம் விட்டுச் சென்ற கழிவு ஊரோடு தங்கிவிடுகிறது. விமான எண்ணெய், இயந்திரம் கழுவிய இரசாயனம், ஈயம் கலந்த சாயம், ஆஸ்பெஸ்டாஸ், வெடிக்காத குண்டு ஆகியவை மண்ணிலும் கிணற்று நீரிலும் கிடக்கின்றன.

ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். சான் பிரான்சிஸ்கோ நகரில் ஹன்டர்ஸ் பாயின்ட் என்னும் இடத்தில் கடற்படையின் கப்பல் பட்டறை இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது லூசியானா, டெக்சாஸ் முதலிய தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே பிழைக்க வந்தார்கள். பட்டறை அருகிலேயே குடியேறினார்கள். வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்து, வேலையிடத்தையே ஊராக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1946-இல் பசிபிக் கடலில் பிகினித் தீவருகே அமெரிக்கா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அந்தச் சோதனையில் கதிர்வீச்சுப் பட்ட கப்பல்கள் சில, சுத்தம் செய்வதற்காக இந்தப் பட்டறைக்குத்தான் கொண்டுவரப்பட்டன. கதிர்வீச்சை ஆராயும் கடற்படைக் கூடம் ஒன்றும் 1969 வரை அங்கே நடந்தது. 1974-இல் பட்டறை மூடப்பட்டது. 1989-இல்தான், நாட்டிலேயே மிகவும் நஞ்சேறிய இடங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. வேலை போய்ப் பதினைந்து ஆண்டுகள் கழித்து விஷத்துக்கு எண் கொடுத்தார்கள்!

சட்டம் வந்த வழி

சட்டம் தானாக வரவில்லை. 1970-இல் அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1978-இல் நயாகரா நீர்வீழ்ச்சி நகரத்து லவ் கால்வாய்ப் பகுதியில், ஒரு கம்பெனி புதைத்த இரசாயனக் கழிவின்மீது வீடும் பள்ளிக்கூடமும் கட்டப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. அங்கே குடியிருந்த தாய்மார்களே முன்னின்று போராடினார்கள். அதன் பயனாக 1980-இல், நஞ்சேறிய நிலங்களைச் சுத்தம் செய்யும் சட்டம் வந்தது.

சுத்தம் செய்யப் போகிறவன் யார்? அவனும் ஒரு தொழிலாளிதானே! அவனுடைய உயிருக்கு யார் ஜவாப்தாரி? தொழிற்சங்கங்கள் இதை எழுப்பி வாதாடின. 1986-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, இவ்வேலை செய்வோருக்குப் பயிற்சி கட்டாயம் என்று எழுதப்பட்டது. பயிற்சி கொடுக்கும் சங்கங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் பண உதவி செய்வதற்கு, 1987 முதல் தேசியச் சுற்றுப்புறச் சுகாதார விஞ்ஞான நிலையத்தின் மூலம் ஒரு திட்டம் நடந்துவருகிறது. விதிமுறைகள் 1989-இல் முழு வடிவம் பெற்றன.

அயோவா மாநிலத்தில் இரண்டு சமுதாயக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையத்தை ஏற்படுத்தி, மற்ற மாநிலக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இதைக் கற்பித்தன. 1995-இல், நஞ்சேறிய நிலத்தை அடுத்து வாழும் ஏழைச் சிறுபான்மை இளைஞர்களுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. அதில் தொழிலோடு கணக்கும் வாசிப்பும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவனைத் தள்ளிவிடாமல், அவனுக்கு எது குறைகிறதோ அதையும் கொடுத்து மேலே ஏற்றுவதே இதன் நோக்கம்.

வகுப்பில் நடப்பது

நஞ்சேறிய நிலத்தில் முறையாக வேலை செய்ய வேண்டியவனுக்கு, முதலில் 40 மணி நேரப் படிப்பு. பிறகு மூன்று நாள், அனுபவமுள்ள மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் களப்பயிற்சி. ஆண்டுதோறும் 8 மணி நேரம் மீண்டும் படிக்க வேண்டும். மேற்பார்வை செய்கிறவனுக்கு இன்னும் 8 மணி நேரம் அதிகம். எழுத்து மூலமான சான்றிதழ் இல்லாதவன் அந்த வேலையில் இறங்கக் கூடாது என்பது விதி.

என்ன கற்பிக்கிறார்கள்? பீப்பாயின் மேலுள்ள அடையாளத்தைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று அறிவது, காற்றில் விஷம் எவ்வளவு என்று கருவி கொண்டு அளப்பது, சுவாசக் கவசம் முகத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்று சோதிப்பது ஆகியவை முதற்பாடங்கள். பாதுகாப்பு உடுப்பில் ஏ, பி, சி, டி என்று நான்கு தரம் உண்டு. ஏ தரம் உடல் முழுவதையும் மூடி, சுவாசிக்கும் காற்றையும் உள்ளேயே கொடுப்பது. டி தரம் சாதாரண வேலை உடுப்பு. எந்த வேலைக்கு எது வேண்டும் என்பதைத் தொழிலாளியும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பாடம் நம் கவனத்துக்கு உரியது. வேலையிடத்தை மூன்று வட்டமாகப் பிரிக்கிறார்கள். விஷமுள்ள வட்டத்திலிருந்து வெளியே வருகிறவன், நடு வட்டத்தில் காலணியையும் உடுப்பையும் கழுவிக் கழற்றிய பிறகே சுத்தமான வட்டத்தில் கால் வைக்கலாம். மருந்தடித்த சட்டையோடு லயத்துக்குத் திரும்பி, அதே கையால் குழந்தையைத் தூக்கிய தாய்மார்கள் நம்மிடையே எத்தனை பேர்! அந்தச் சட்டையைக் குடும்பத்துத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தவர்கள் எத்தனை பேர்! நடு வட்டம் ஒன்று வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

வைத்தியப் பரிசோதனையும் உண்டு. ஆண்டில் 30 நாளோ அதற்கு மேலோ சுவாசக் கவசம் அணிந்து வேலை செய்கிறவனைப் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும். செலவு முதலாளியுடையது. அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. பாதுகாப்புப் பயிற்சியைத் தொழிலாளிக்கு விளங்கும் மொழியிலேயே கொடுக்க வேண்டும் என்பதையும் 2010-இல் அந்நாட்டுப் பாதுகாப்பு இலாகா வற்புறுத்திச் சொன்னது.

சீட்டு மட்டும் போதுமா?

இவ்வளவும் கேட்டு, "பயிற்சி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. அதே ஹன்டர்ஸ் பாயின்டில் பிற்பாடு நடந்ததைக் கேளுங்கள்.

நிலத்தைச் சுத்தம் செய்யும் குத்தகை ஒரு பெரிய கம்பெனியிடம் இருந்தது. கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்க, குறிப்பிட்ட இடங்களில் மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்த இடத்து மண்ணுக்குப் பதிலாக, வேறிடத்துச் சுத்தமான மண்ணை அனுப்பிக் கணக்குக் காட்டினார்கள். இக்குற்றத்துக்காக மேற்பார்வையாளர் இருவருக்கு 2018-இல் ஆளுக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அங்கே முன்பு வேலை செய்த தொழில்நுட்பப் பணியாளர் சிலர்தாம், தைரியமாக வெளியே வந்து இந்த மோசடியைச் சொன்னார்கள்.

தோழர்களே, அந்த மேற்பார்வையாளர்கள் பயிற்சி இல்லாதவர்களா? மோசடி செய்தவனும் வகுப்பில் உட்கார்ந்து படித்தவனே. காட்டிக்கொடுத்தவனும் அதே படிப்பைப் படித்தவனே. ஆகவே அறிவு ஒரு கண் என்றால், "இந்த வேலையை இப்படிச் செய்யமாட்டேன்" என்று சொல்லும் உரிமை மற்றொரு கண். அப்படிச் சொன்னவனுக்கு வேலை போகாமல் காக்கும் சங்கம் இல்லையென்றால், பயிற்சிச் சீட்டு பெட்டியில் வைக்கும் கடுதாசிதான்.

நம் நாட்டில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமக்கும் சட்டம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் 514-வது சட்டமான வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளிக்கு விவரமும் பயிற்சியும் மேற்பார்வையும் கொடுப்பது முதலாளியின் கடமை என்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி அமைக்க வேண்டும் என்கிறது. 2000-ஆம் ஆண்டின் விதிகள், இரசாயனத்தால் உடலுக்கு வரும் ஆபத்தை முதலாளி மதிப்பிட்டாக வேண்டும் என்கின்றன.

சட்டம் இருந்தும் என்ன நடந்தது? பாராகுவாட் என்னும் புல் மருந்தை நம் பெண்கள் ஆண்டுக்கணக்கில் முதுகில் சுமந்து அடித்தார்கள். அரசாங்கம் 2002-இல் தடை என்றது. 2006-இல் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை வந்தது. விஷத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளாமலே அதற்குள் எத்தனை பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள்!

2024 ஜூன் முதல் தேதியில் சட்டத் திருத்தம் அமுலுக்கு வந்தது. அதில் இரண்டு விஷயங்களை மனத்தில் வையுங்கள். ஒன்று, உயிருக்கோ உடலுக்கோ உடனடிப் பேராபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கத் தவறினால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. நான் முன்பு கூறிய இரண்டாவது கண் இதுவே. மற்றொன்று, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பு அதிகாரியை நியமிக்கும் கட்டாயம் இல்லையென்றால், முதலாளி தம் ஊழியரில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும்.

"தம் ஊழியரில் ஒருவர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் ஏன் நம் கிராணியாக இருக்கக் கூடாது? மருந்து வரவுசெலவுப் புத்தகம் அவர் மேசையில்தானே இருக்கிறது! அவர் ஏன் பால் வெட்டுகிற ஒரு பெண்ணாக இருக்கக் கூடாது? எஸிட்டின் நெடியும் அமோனியாவின் எரிச்சலும் அவருக்குத் தெரியாததா?

படிக்க இடமும் உண்டு. 2001 முதல் நம் நாட்டிலும் சமுதாயக் கல்லூரிகள் நடக்கின்றன. சான்றிதழ் வகுப்புகளோடு குறுகிய காலப் பயிற்சிகளும் அங்கே உண்டு. பாங்கியில் உள்ள தேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார நிலையம் 1992 முதல் இதற்கென்றே இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்துவிட்டு நகரத்துத் தொழிற்சாலை வாசலில் நிற்கும் நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அதிகாரி வேலை ஒரு கௌரவமான பாதை.

செய்ய வேண்டியவை

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, உங்கள் தோட்டத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்கிறதா, ஒருங்கிணைப்பாளர் யார் என்று ஆபீசில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் சங்கத்துக்கு எழுதுங்கள். இரண்டாவது, மருந்து டின்னின் மேல் ஒட்டியுள்ள தாளை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேளுங்கள். படித்துச் சொல்வது கிராணிமார்களின் தொண்டாக இருக்கட்டும். மூன்றாவது, நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத்துத் தோழனுக்கும் இந்தோனேசியத் தோழனுக்கும் அவர்கள் மொழியில் அதைச் சொல்ல வழி தேடுங்கள். அறியாதவன் ஒருவன் இருந்தாலும், அவன் கையால் சிந்தும் விஷம் எல்லாருடைய காலிலும்தான் படும்.

அமெரிக்கத் தொழிலாளி 40 மணி நேரத்தைக் கேட்டு வாங்கினான். நாம் முதலில் நான்கு மணி நேரத்தையாவது கேட்போம். வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, நம் மொழியில் கேட்போம். கேட்கிற குரல் ஒன்றாக இருந்தால் கிடைக்காமற் போகாது.