தன் போக்கில் இருக்கிற பிள்ளைக்கும் ஒரு நாற்காலி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சாஃப்ட்வேர்ல இருக்கே, வேலைவாய்ப்பைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுலே" என்று நம் செயலாளர் சொன்னார். வேலை கிடைத்தவர்களைப் பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் உண்டு. நான் கிடைக்காமல் போன ஒருவனைப் பற்றிப் பேசுகிறேன்.

2009-ல் மதுரையில் நடந்த ஒரு நேர்முகத் தேர்வில் நானும் குழுவில் இருந்தேன். விளாத்திகுளம் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். எழுத்துத் தேர்வில் அவன்தான் முதல். உள்ளே வந்தவன் தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்தான். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றோம். "என்னைப் பற்றி எதை?" என்று கேட்டான். நாங்கள் சிரித்துவிட்டோம். பிறகு, "உங்க பதினேழாவது கேள்வி தப்பு" என்றான். நான் தாளில் "பேச்சுத் திறன் போதாது" என்று எழுதினேன்.

வாசலில் அவன் அப்பா மஞ்சப்பையோடு நின்றார். "கொஞ்சம் தன் போக்குல இருப்பான் சார். ஆனா வேலையில தப்பு வராது" என்றார். சாயங்காலம் வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். பதினேழாவது கேள்வி தப்புத்தான். முடிவை மட்டும் நான் மாற்றவில்லை.

அந்தப் பையனுக்கு ஆட்டிசம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் பின்னாளில் ஆட்டிசத்தைப் பற்றிப் படித்தபோதெல்லாம் அவன் முகம்தான் வந்து நின்றது. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானரும், 1944-ல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் இதைப் பற்றி எழுதினார்கள். இது பிறவியிலேயே மூளை வேறு விதமாக இயங்கும் தன்மை. கண்ணைப் பார்த்துப் பேசுவது பலருக்குச் சிரமம். சத்தமும் கூசும் விளக்கும் வாட்டும். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் இதற்கு "ஒரு மாதிரி" என்று ஒரே வார்த்தையில் பேர் வைத்துவிட்டோம்.

டென்மார்க்கில் தோர்கில் சொன்னே என்பவர் தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்தவர். தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, 2004-ல் 'ஸ்பெஷலிஸ்டர்னே' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வாய்ப்பேச்சை வைத்து எடை போடாமல், லெகோ ரோபோக்களைக் கொடுத்துச் செய்யச் சொல்லி ஆளின் திறமையைப் பார்த்தார். சாஃப்ட்வேர் சோதனை வேலைக்கு அப்படி ஆட்கள் கிடைத்தார்கள்.

ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் இந்த முயற்சியை முதலில் நம் பெங்களூர் கிளையில்தான் செய்து பார்த்தது. 2013-ல் உலகம் முழுக்க விரித்தது. 2020-க்குள் ஊழியர்களில் 1 சதவீதம் என்று சொன்ன இலக்கை அதனால் எட்ட முடியவில்லை. ஆனாலும் வழி திறந்தது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் தொடங்கியது. செய்த மாற்றம் ஒன்றும் பெரிய செலவில்லை. அரைமணிப் பேட்டிக்குப் பதிலாகச் சில நாள் வேலைப் பயிற்சி, உத்தரவை எழுத்தில் கொடுப்பது, சத்தத்தை மறைக்கக் காதில் ஒரு ஹெட்போன், சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஒரு துணை. அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஆட்டிசம் என்றால் கம்ப்யூட்டர் மேதை என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சே வராத பிள்ளைகள் உண்டு. ஆயுசு முழுக்கத் துணை தேவைப்படுகிறவர்கள் உண்டு. கெட்டிக்காரன் என்பதற்காக மட்டும் ஒருவனுக்கு மதிப்பு கொடுப்பது நியாயமில்லை.

சட்டமும் தாமதமாகத்தான் வந்தது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2016-ம் ஆண்டுச் சட்டம் அதைச் சேர்த்தது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதத்தை ஆட்டிசமும் வேறு சில குறைபாடுகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதற்கும் 40 சதவீதம் என்று சான்று வேண்டும். தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது சட்டம். எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்?

நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, கல்லூரிக்கு ஆளெடுக்க வருகிற நம்மவர்கள், கேட்கிற மாணவனுக்குப் பேட்டி நடக்கும் முறையை முந்தின நாளே எழுத்தில் கொடுங்கள். பேச வைப்பதோடு வேலையும் செய்ய வைத்துப் பாருங்கள். இரண்டு, கோவில்பட்டியில் அச்சகம், மில், தீப்பெட்டி ஆபீஸ், கடலை மிட்டாய்க் கடை நடத்துகிற அண்ணாச்சிமார்கள், கணக்குக்கோ ஸ்டோருக்கோ இப்படி ஒரு பிள்ளையை ஒரு மாதம் முழுச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். மூன்று, பெற்றோரே, விசேஷ வீடுகளுக்குக் கூட்டிவராமல் பிள்ளையை மறைக்காதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

நாமெல்லாம் கரிசல்காட்டுப் பிள்ளைகள். மழை பெய்த மறுநாள் கரிசலில் கால் வைத்தால் செருப்போடு இழுத்துக்கொள்ளும். கோடையில் கைவிட்டால் முழங்கைவரை போகும் வெடிப்பு. அதற்காக எந்த மானாவாரிச் சம்சாரியும் மண்ணைக் குறை சொல்லவில்லை. பதம் பார்த்து விதைத்தான், பருத்தி எடுத்தான். பதம் பார்க்காமல் விதைத்தது 2009-ல் நான்.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ, தெரியாது. அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகவரி இல்லை. அடுத்தவன் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காருவான். அவனைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள்.