எந்த நாளிற் பட்ட காயம்?

(கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



சென்ற ஆண்டு தையல் ஆலையொன்றில் வேலைசெய்யும் பெண்ணொருவர் என் கந்தோருக்கு வந்தார். வலக்கையின் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் மரத்துப்போகின்றன. காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் நழுவி விழுகின்றது. நட்டஈட்டுக் கோரிக்கைப் பத்திரத்தை நிரப்ப அமர்ந்தோம். விபத்து நிகழ்ந்த திகதியை எழுதவேண்டிய இடம் வந்தது. "எந்த நாள், தங்கச்சி?" என்று கேட்டேன். "விபத்தெண்டு ஒரு நாளும் ஒண்டும் நடக்கேல்லை ஐயா. நாலு வருசமாக் கை நோகுது" என்றார்.

அவர் கூறியது முழு உண்மை. ஆனால் அந்த உண்மையை எழுதப் பத்திரத்தில் இடமில்லை.

நம் நாட்டின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்தது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தினால் உண்டான காயத்திற்கு நட்டஈடு உண்டு என்பதே அதன் அத்திவாரம். அதனோடு அட்டவணையொன்றிற் சில தொழில்நோய்களும் பெயர்சொல்லி வைக்கப்பட்டன. அட்டவணையிற் பெயர் இல்லாதவன் 'விபத்து' என்னும் சொல்லினுள்ளே நுழைந்தாக வேண்டும்.

அச்சொல்லின் கதை விசித்திரமானது. இங்கிலாந்தில் தொழிலாளி ஒருவன் பொறியின் சக்கரத்தை வலிந்து திருப்பியபோது அவனுக்குக் குடலிறக்கம் உண்டாயிற்று. பொறி உடையவில்லை, அவன் வழுக்கி விழவுமில்லை. ஆயினும் எதிர்பாராது நேர்ந்த கேடு விபத்தே எனப் பிரபுக்கள் சபை 1903இல் தீர்த்தது. அதே சபை 1948இல், கற்குழியிலே ஆண்டுக்கணக்காகத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவனின் வழக்கில், சிறிது சிறிதாக வளர்ந்த கேடு விபத்தன்று என்றது. ஒரேயொரு முறை வலிந்து கெட்டால் நட்டஈடு. பதினாயிரம் முறை சிறிது சிறிதாக வலிந்து கெட்டால் இல்லை! நுண்ணிய நியாயந்தான். கை இழந்தவளிடம் அதனை விளக்க என்னால் முடியவில்லை.

இதற்கு வழியே இல்லையா? உண்டு. ஆங்கிலேயர் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறு தொழில்நோய்களை அட்டவணைப்படுத்தினர். 1908இல், நாள்முழுதும் தந்திப்பொறியைத் தட்டுவோரின் கைத்தசைப் பிடிப்பும் சேர்க்கப்பட்டது. அச்சட்டம் திகதிச் சிக்கலை எவ்வாறு தீர்த்தது? வேலைசெய்ய இயலாமற்போன நாளையே விபத்து நிகழ்ந்த நாளாகக் கொள்க என்றது. நோயின் எதிரே குறித்த தொழிலை ஒருவன் செய்துவந்தால், அந்நோய் அத்தொழிலால் வந்ததென்றே கொள்ளப்படும். இல்லையென நிறுவும் பாரம் பொதுவாக வேலைகொள்வோனைச் சாரும். இவ்விரண்டு விதிகளே தொழிலாளியைக் காத்தன.

இந்நோய் நேற்று வந்ததுமன்று. இத்தாலிய வைத்தியர் ரமஸ்ஸீனி 1713இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பிலே எழுத்தர்களின் நோயை விவரித்தார். வலக்கை செயலிழந்த நொத்தாரிசு ஒருவர் இடக்கையால் எழுதப் பழகினாராம். சிறிது காலத்தில் அக்கையையும் அந்நோய் பற்றிக்கொண்டது. என் தொழிலுக்கு உறவினர் என்பதால் அவரை நான் மறப்பதில்லை.

வைத்தியர் கண்டதை மேலதிகாரிகள் எளிதில் ஒப்புவதில்லை. தந்தியாளரின் நோயை ஆராய்ந்த பிரித்தானியக் குழு 1911இல், தொடர்ந்த களைப்போடு தொழிலாளியின் நரம்புத் தளர்ச்சியையும் காரணமாகக் கூறியது. 1993இல் லண்டன் நீதிபதி ஒருவர், இத்தகைய காயத்திற்கு மருத்துவ நூல்களில் இடமேயில்லை என்றார். 1998இல் இரசாயன நிறுவனமொன்றின் தட்டெழுத்துச் செயலாளர் பிரபுக்கள் சபையிலே தோற்றார். கைத்தசைப் பிடிப்பு அந்நாட்டின் அரசாங்கக் காப்புறுதிப் பட்டியலில் இருந்தது. ஆனால் அவர் தொடுத்தது கவனயீன வழக்கு. நோயின் காரணத்தை நிறுவும் பாரம் அவர் தலைமேல் விழுந்தது. அட்டவணையின் பலம் எதுவென்பது இங்கே விளங்கும்.

சர்வதேசத் தொழில் தாபனம் 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு நரம்பு நெரிவு இடம்பெற்றிருக்கின்றது. சட்டமியற்றுவோரிடம் நாம் கேட்கவேண்டியது நோயின் பெயரை மட்டுமன்று. அதன் எதிரே தையல், தட்டெழுத்து, கொழுந்து பறித்தல் என்று தொழிலின் பெயரும் எழுதப்படவேண்டும். நிறுவும் பாரமும் மாறவேண்டும்.

மண்வெட்டி பிடித்த உழவர், "எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். சொந்த நிலத்திற் கொத்துகின்றவருக்கு நட்டஈடு கொடுக்க வேலைகொள்வோன் இல்லை. இச்சட்டம் அவருக்கு உதவாது. ஆனால் உங்கள் பிள்ளைகள் ஆலையிலும் கணினியின் முன்னும் இருக்கின்றார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள்: நோ தொடங்கிய வாரமே எழுத்தில் அறிவியுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் "கை நோகுது" என்று மட்டும் கூறாது, என்ன வேலை, நாளுக்கு எத்தனை மணித்தியாலம் என்பதையும் கூறித் துண்டிற் பதிவிக்கச் செய்யுங்கள்.

அப்பெண்ணிடம் அத்தகைய கடிதம் எதுவும் இருக்கவில்லை. ஆசுப்பத்திரிக் கிளினிக் துண்டொன்று மட்டும் இருந்தது. அவர் முதன்முறையாக வேலையை இடையில் விட்டுச் சென்ற நாள் அதிற் பதிவாகியிருந்தது. அந்தத் திகதியையே பத்திரத்தில் எழுதினோம். விசாரணை இன்னும் முடியவில்லை.