பாண் இறக்கிய பிறகு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் பிரஷரைப் பற்றியோ நீரிழிவைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நாங்கள் இன்று பேசப் போவது ஒரு கேக்கைப் பற்றி. நீரிழிவும் இடையில் வரும். ஆகவே யாரும் ஏமாற வேண்டியதில்லை.

‘நாங்கள்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. லிங்கநகரில் ஒரே வீட்டிலிருந்து இந்தப் பாடசாலைக்கு வந்த மூன்று சகோதரிகள் நாங்கள். மூத்தவள் மட்டக்களப்பில் ஆசிரியை. இளையவள் ரொறன்ரோவில் இருக்கிறாள். நடுவிலாள் வைத்தியர், அவள்தான் இப்போது உங்கள் முன் நிற்கிறாள். எங்கள் அம்மாவும் இதே பாடசாலையில் படித்தவர். இந்தக் கதையில் மூன்று பேருக்கும் பங்கு இருப்பதால், பிழையிலும் மூன்று பேருக்கும் பங்கு இருப்பதால், ஒருத்தி மட்டும் தனியாகப் பேசுவது சரியில்லை.

எங்கள் வீட்டு விசேட நாட்களில் லவ் கேக் இல்லாமல் இருந்ததில்லை. ரவையும் கஜுவும் முட்டை மஞ்சட்கருவும் பூசணித் தோசியும் பன்னீரும் சேர்ந்த அந்தக் கேக்கை இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். இந்த நாட்டில் எத்தனை வீடுகள் உண்டோ அத்தனை செய்முறைகள் அதற்கு உண்டு. ஒவ்வொரு வீட்டாரும் தங்களுடையதுதான் சரியானது என்பார்கள். நாங்களும் அப்படித்தான்.

அது போர்த்துக்கேயர் வழியாக வந்த பலகாரம் என்று சொல்வார்கள். 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியவர்கள் அவர்கள். அதைத் திருகோணமலையில் பிறந்த எவரும் மறப்பதில்லை. ஆனாலும் அவர்கள் விட்டுப்போன சொற்கள் எங்கள் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. குசினி, மேசை, அலுமாரி, பாண், போறணை, கஜு, தோசி எல்லாம் அவர்களுடைய சொற்கள்தான். அவர்களின் வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் இன்றும் பாலையூற்றில் இருக்கின்றன. 1929இல் ஹில்டா டொய்ட்ரம் தொகுத்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையற் புத்தகம் போன்றவை வந்த பிறகு இப்படியான கேக்குகள் எல்லா இனத்தார் வீட்டுக்கும் பரவின. எங்கள் அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்து வீட்டுப் பறங்கி அம்மா ஒருவர் செய்யும்போது கூட நின்று பார்த்துப் பழகியதாகச் சொல்வார். பிறகு அதை ஒரு கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைத்திருந்தார்.

அந்தக் கொப்பியை நாங்கள் 1990 ஜூனில் இழந்தோம். சண்டை மீண்டும் மூண்டபோது கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம். பிறப்புச் சான்றிதழ்களை எடுத்தோம், நகையை எடுத்தோம், கொஞ்சம் அரிசி எடுத்தோம். செய்முறைக் கொப்பியை யார் நினைப்பார்கள்? திரும்பி வந்தபோது வீட்டில் சுவர்கள்தான் நின்றன. அலுமாரியே இல்லை. அம்மா அழவில்லை. “எல்லாம் என்ர தலைக்குள்ள கிடக்கு, பிள்ளையள்” என்றார். அது உண்மையாகவும் இருந்தது. பொருட்கள் கிடைக்கத் தொடங்கிய பிறகு அம்மா மறுபடி கேக் சுட்டார். ருசியில் ஒரு மாற்றமும் இல்லை.

வீட்டில் அவண் இல்லை. தட்டில் கலவையை ஊற்றி, ஓரத்தில் எங்கள் பெயர் எழுதிய கடுதாசித் துண்டை ஒட்டி, சந்தியில் இருந்த பேக்கரிக்குக் கொண்டு போவோம். காலைப் பாண் இறக்கிய பிறகு விறகுப் போறணையில் மிஞ்சியிருக்கும் சூட்டில் ஊர்ப்பெண்களின் கேக் தட்டுகளை வைத்துத் தருவார்கள். நத்தார் காலத்திலும் பெருநாள் காலத்திலும் தீபாவளிக் காலத்திலும் அந்த வாசலில் எல்லாச் சமயத்துப் பெண்களும் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். அம்மா மட்டும் சும்மா நிற்க மாட்டார். போறணை வாயில் கையை நீட்டி எண்ணுவார். இருபது வரை கை பொறுத்தால் “இப்ப வைக்கலாம்” என்பார். பொறுக்காவிட்டால் திண்ணையில் இருந்து காத்திருப்போம்.

இனி நாங்கள் செய்த பிழைக்கு வருவோம்.

அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் நீரிழிவு கண்டறியப்பட்டது. வீட்டில் ஒரு வைத்தியர் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சீனிப் போத்தல் குசினியை விட்டுப் போனது. பட்டர் போனது. கேக் தட்டுகள் தகரக்காரனிடம் போயின. “அம்மா, இனி இந்த வேலை வேண்டாம்” என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். பிள்ளைகள் தன் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள் என்று அம்மாவும் நம்பினார். இரத்தத்தில் சீனியின் அளவு குறைந்தது, நாங்களும் பெருமைப்பட்டோம். ஆனால் அந்தக் குசினியில் அம்மாவுக்குச் செய்ய ஒரு வேலையும் மிஞ்சவில்லை என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு கிழமையை மறந்தார். ஒரு நாள் இளையவள் தொலைபேசியில், “அம்மா, லவ் கேக்குக்கு எத்தனை முட்டை?” என்று கேட்டாள். அம்மா நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது அக்காவிட்டக் கேள்” என்றார். அக்காவுக்குத் தெரியாது. எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. எழுதி வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது இந்தப் பாடசாலைதான். எட்டாம் வகுப்பில் மனையியல் பாடத்துக்கு ஆளுக்கொரு வீட்டுச் செய்முறை எழுதச் சொன்னார்கள். அம்மாவிடம் கேட்டு லவ் கேக்கை எழுதிக்கொண்டு போனோம். அதைப் பார்த்து எழுதிய வகுப்புத் தோழி ஒருத்தி அந்தக் கொப்பியை இன்றும் மெல்போனில் பத்திரமாக வைத்திருக்கிறாள்! வகுப்பு வட்ஸப் குழுவில் கேட்ட அன்றே படம் எடுத்து அனுப்பினாள். மூவரும் ஆளுக்கொரு நாட்டிலும் ஊரிலும் இருந்தபடி அதைப் பார்த்து அழுதோம். பொருட்கள் எல்லாம் அளவோடு இருந்தன. ஆனால் செய்முறை என்ற இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: “வழமைபோல் கலந்து சுடவும்.” அந்த வழமை என்ன என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

சென்ற டிசம்பரில் மூவரும் லிங்கநகர் வீட்டில் கூடினோம். சீனக்குடாவில் பிரிமா ஆலை இருக்கும் ஊரில் ரவைக்கா பஞ்சம்? மட்டக்களப்பிலிருந்து அக்கா கஜு கொண்டு வந்தாள். கொப்பியில் உள்ளபடி எல்லாவற்றையும் அளந்தோம். கஜுவைப் பிளெண்டரில் அரைத்தோம். மின் அவணில் 180 பாகையில் வைத்தோம். மேற்புறம் கறுத்தது, நடுப்பகுதி இருந்துவிட்டது, அடியில் எண்ணெய் கசிந்தது. அம்மா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, யாரோ அயல்வீட்டார் கொடுத்த பலகாரத்தைப் போல, “பரவாயில்லை, நல்லாயிருக்கு” என்றார். அந்த மரியாதைதான் எங்களைச் சுட்டது.

மறுநாள் அம்மாவையே குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனோம். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கஜுவையும் பலகையையும் சின்னக் கத்தியையும் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தோம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு கஜுவாக எடுத்து மூன்று துண்டு, நான்கு துண்டாக வெட்டத் தொடங்கினார். பிளெண்டரைக் கொண்டு வந்தபோது, “அரைச்சா எண்ணெய் விடும், பிள்ளை” என்றார். இளஞ்சூட்டில் வறுத்த ரவையைக் கண்டதும் பட்டரை அதில் போட்டுப் பிசைந்து மூடிவைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். கேக் செய்ததையே மறந்துவிட்டார் என்று நினைத்தோம். காலையில் நாங்கள் எழும்பும் முன்பே அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ரவை இரவு முழுவதும் பட்டரில் ஊற வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அவணைச் சூடாக்கிக் கதவைத் திறந்தோம். அம்மா கையை நீட்டினார். நாங்கள் பதறிப் பிடிக்கப் போனோம். அவர் எண்ணத் தொடங்கியிருந்தார். எட்டில் கையை எடுத்து, “கூட” என்றார். குறைத்தோம். மறுபடி எண்ணினார், பதின்மூன்று. மறுபடி குறைத்தோம். இருபது வந்தபோது அவண் முள் 150இல் நின்றது. எங்கள் பெயர்கள் மூன்றையும் மாற்றி மாற்றிக் கூப்பிடும் அம்மா, அந்த எண்ணில் மட்டும் தடுமாறவில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. நேற்று என்ன நடந்தது என்பதைப் பதியும் வேலைக்கு மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி தேவை. அல்சைமர் நோய் பெரும்பாலும் அங்கேதான் முதலில் கை வைக்கிறது. பல வருடங்கள் செய்து பழகிய கைவேலை வேறு பகுதிகளில் தங்கியிருக்கிறது. அது பிந்தித்தான் போகிறது. ஆகவே மறதி உள்ளவரிடம் ‘எத்தனை முட்டை’ என்று கேட்டால் அவர் தோற்றுப்போவார். முட்டையைக் கையில் கொடுத்தால் அவர் செய்து காட்டக்கூடும். இதை வைத்தியர் என்ற முறையில் நாங்கள் படித்திருந்தோம். மகள் என்ற முறையில் அறிந்துகொள்ள இவ்வளவு காலம் எடுத்தது.

இனி, இழந்துவிடாமல் இருக்க, செய்முறையை இந்த மலரிலேயே பதிந்துவிடுகிறோம்.

ரவை ஒரு பால்பேணி. எங்கள் தராசில் 210 கிராம். பட்டர் அரை இறாத்தல், அதாவது 225 கிராம். சீனி இரண்டு பேணி, 500 கிராம். கையால் வெட்டிய கஜு 300 கிராம். பொடியாக வெட்டிய பூசணித் தோசி கால் இறாத்தல். மஞ்சட்கரு பத்து, வெள்ளைக்கரு ஐந்து. தேன் இரண்டு மேசைக்கரண்டி, பன்னீர் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு எலுமிச்சையின் துருவிய தோல், ஏலம், கறுவா, சாதிக்காய் மூன்றும் சேர்ந்து ஒரு தேக்கரண்டி.

ரவையை நிறம் மாறாமல் வறுத்து, இளஞ்சூட்டில் பட்டரோடு பிசைந்து இரவு முழுவதும் மூடி வையுங்கள். காலையில் மஞ்சட்கருவையும் சீனியையும் வெளுக்கும்வரை அடித்து, ரவை, கஜு, தோசி, தேன், பன்னீர், வாசனைப் பொருட்களைச் சேருங்கள். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலவுங்கள். தட்டின் அடியில் மூன்று நான்கு மடிப்புப் பத்திரிகைக் கடுதாசியும் அதன்மேல் பட்டர் பூசிய எண்ணெய்க் கடுதாசியும் போடுங்கள். 150 பாகையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். மேல் பொன்னிறமாகி உள்ளே ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தட்டிலேயே ஆறவிட்டு நாற்பத்தெட்டுத் துண்டாக வெட்டுங்கள். கஜு ஒவ்வாதவர்கள் ருசி பார்க்கவும் கூடாது.

இப்போது நீரிழிவுக்கு வருகிறோம். அப்படி வெட்டினால் ஒரு துண்டில் போட்ட சீனி மட்டும் பத்துக் கிராமுக்குச் சற்று மேல். இரண்டு, இரண்டரைத் தேக்கரண்டி. தோசியும் தேனும் அதற்கு மேல். 2000 கலோரி சாப்பிடும் ஒருவர், சேர்த்துக்கொள்ளும் சீனியை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு. நாளுக்கு நான்கு தேநீரில் இரண்டிரண்டு கரண்டி போட்டுக் குடிப்பவர், வருடத்துக்கு இரண்டு தரம் வரும் ஒரு துண்டு கேக்கைக் குற்றம் சொல்வதில் அர்த்தம் இல்லை. நீரிழிவு உள்ளவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்டு, சாப்பாட்டில் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டு ஒரு சின்னத் துண்டு எடுக்கலாம். சுடுவதற்குத் தடையே இல்லை. நாங்கள் அம்மாவின் தட்டில் குறைத்திருக்க வேண்டியதை அம்மாவின் கையிலிருந்து பறித்துவிட்டோம்.

தோழிகளே, உங்களிடம் கேட்பது இரண்டுதான். உங்கள் வீட்டில் வயதானவர் ஒருவர் இருந்தால், இந்த விடுமுறையிலேயே அவரோடு குசினிக்குள் போங்கள். பொருட்பட்டியலோடு நின்றுவிடாமல், எதற்குக் காத்திருக்கிறார், எதைத் தொட்டுப் பார்க்கிறார், எப்போது போதும் என்கிறார் என்பதையும் எழுதுங்கள். மற்றது, நெருப்பும் கத்தியும் உள்ள இடம் என்பதால் பக்கத்தில் நில்லுங்கள். ஆனால் வெளியே அனுப்பிவிடாதீர்கள்.

அம்மா இன்று இந்த மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். நேற்று எங்களோடு இருந்து கஜு வெட்டினார். எதற்காக வெட்டினோம் என்பது இப்போது அவருக்கு நினைவில் இல்லை. வெளியே தேநீர் மேசையில் நான்கு தட்டுக் கேக் இருக்கிறது. ஆளுக்கு ஒரு துண்டு எடுங்கள். போகும்போது அவரிடம், “கேக் நல்லாயிருக்கு அம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். யார் செய்தது என்று அவர் கேட்பார். அதற்குப் பதிலையும் நீங்களே சொல்லுங்கள்.